கோழிக்கூடு இருந்த துண்டில் ஒரு காற்றாடி

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்தால் வாப்பா கல்லையும் சீமெந்தையும் பற்றி யோசிக்கத் தொடங்குவார். ஆண் பிறந்தால் அந்த யோசனை இன்னொருத்தருடைய வாப்பாவுக்கு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். என்னுடையவரும் அப்படித்தான் சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய சூட்கேசில் பாதி உடுப்பு, பாதி விஞ்ஞானப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பிக்கிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தும், சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் "இதில ஒண்டு அடிக்கட்டா?" என்று என்னைக் கேட்டுத்தான் அடிப்பார். முதலில் எனக்கு அது பெருமையாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அதற்குப் பிறகு பழகிவிட்டது.

மகளுக்குக் கலியாணம் செய்தபோது வீட்டை அவள் பேருக்கு எழுதினோம். நாங்கள் இரண்டு பேரும் சமைக்கிற குசினிக்குப் பின்னால் கட்டிய சின்ன அறைக்குப் போனோம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இதில் மூக்கைச் சிந்த ஒன்றுமில்லை. ஆனால் எழுதும்போது கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே கோழிக்கூடு இருந்த துண்டை மட்டும் என் பேரிலேயே வைத்துக்கொண்டேன். "அது என்னத்துக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கோழிக்கு" என்றேன். பிறந்ததிலிருந்து வீட்டுக்காரியாகவே இருந்தவளுக்கு ஒரேயடியாகக் கையைக் கழுவிவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாடே பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருஷம் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அதற்கு முன் ஒன்று உண்டாகித் தங்கவில்லை. அதனால் அவள் தும்மினால்கூட வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு பதறும். கரண்ட் நினைத்த நேரம் போகும், நினைத்த நேரம் வரும். கச்சான் காற்று வேறு தொடங்கிவிட்டது. மேற்கே வயற்பக்கமிருந்து வருகிற காய்ந்த, சூடான காற்று அது. வீட்டைச் சுற்றிய வளவெல்லாம் மணலை அள்ளிக் கொட்டுமே தவிர, கடலைப் பார்த்திருந்த மகளுடைய அறைக்குள் ஒரு மூச்சுக்கூட நுழையாது. ஒரு நாள் பகல் கரண்ட் இல்லாத நேரம் அந்த அறைக்குள் அவள் மயங்கி விழுந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் மிட்வைஃப் மிஸ், "இவவ இந்தச் சூட்டில வெச்சிருக்க ஏலாது, காத்துப் படணும்" என்று சொல்லிவிட்டுப் போனா.

"கரண்ட் போனாலும் என்ட புள்ளட அறையில ஃபேன் கிறுகணும்" என்றார் இவர். அன்றைக்குப் பிறகு வேறு கதையே இல்லை.

சோலார் பலகை தேடி அலைந்தார். இருந்த ஒன்றிரண்டும் முன்கூட்டிச் சொல்லி வைத்தவர்களுக்குப் போய்விட்டது. அப்போதுதான், "இந்தக் காத்து சும்மா போகுதே" என்ற யோசனை அவருக்கு வந்தது. கத்தாரிலிருந்து வந்த ஒருத்தர் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்தார். நின்ற இடத்திலேயே ஓடுகிற மெசின் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். ஒரு கிழமை ஓடியிருப்பார், பிறகு அவருடைய பெண்சாதி அதில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. அந்த மெசினுடைய மோட்டாரை இவர் கெஞ்சி வாங்கி வந்தார். தண்ணீர்க் குழாயை நெடுக்காகப் பிளந்து மூன்று இதழ் செய்தார். தகரத்தில் ஒரு வால் வெட்டினார். பழைய லொறி பெட்டரி ஒன்றும், பெட்டரியில் ஓடுகிற ஃபேன் ஒன்றும் வந்து சேர்ந்தன. எங்கள் அறையில் காலை நீட்டிப் படுக்க இடமில்லாமல் போனது. "இஞ்ச, நான் எங்க படுக்கிற? அந்த மோட்டாரில தலைய வெச்சா?" என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மரம் மட்டையெல்லாம் தாண்டின உயரம் வேண்டுமென்றால் வீட்டுச் சுவரில்தான் கம்பத்தைப் பூட்ட வேண்டும். மருமகனிடம் கேட்டார். மருமகன் கல்முனை பசாரில் கடையொன்றில் நிற்கிற அமைதியான பிள்ளை. "என்னிட்டக் கேட்டா என்ன மாமா, அவட்டக் கேளுங்க" என்றார். சூட்கேசோடு வந்த ஆண்கள் இரண்டு பேர் இரும்புக் கம்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். மகள் கதிரையிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஓம், பூட்டுங்க. ஓடு உடைஞ்சா நான் ஒண்டும் கதைக்க மாட்டன், உம்மா கதைப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு காற்றாடி சுற்றத் தொடங்கியது. ஒழுங்கை முழுக்க வந்து அண்ணாந்து பார்த்தது. அவரிடம் படித்த பெடியன்மார் "காத்தாடி சேர்" என்று பட்டமும் வைத்துவிட்டார்கள். பொழுது பட்டது, காற்று விழுந்தது, காற்றாடி மட்டும் நிற்கவில்லை. "மாஷா அல்லாஹ், காத்தில்லாமலும் கிறுகுதே, இது பரக்கத்துத்தான்" என்றா பக்கத்து வீட்டுக்காரி. நான் கொடியில் கிடந்த உடுப்பைப் பார்த்தேன். ஒரு முந்தானைகூட அசையவில்லை.

"இஞ்ச, உடுப்பு அசையல்ல. இது என்னத்தில கிறுகுது?" என்றேன்.

அவர் உடுப்பைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், தலையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "பெட்டரில! பெட்டரில கிறுகுது!" விஷயம் இதுதான். காற்று சுற்றினால் அந்த மோட்டார் பெட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும். காற்று நின்றால் அதே மோட்டார் பெட்டரியின் கரண்டைத் தின்று தானாகவே சுற்றும். போன கரண்ட் திரும்பி வராமல் நடுவில் டயோட் என்று ஒரு சின்னச் சாமான் போட வேண்டும். வருஷா வருஷம் கரும்பலகையில் அதை வரைந்து படிப்பித்த மனுசன், வீட்டில் போட மறந்துவிட்டார். வந்திருந்த பழைய மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களையெல்லாம் விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். மறுநாள் டயோட் போட்ட பிறகு பெட்டரி ஒழுங்காக ஏறியது, மகளுடைய அறையில் ஃபேனும் ஓடியது.

அது அதோடு முடிந்திருக்கலாம். கச்சான் பலத்தபோது காற்றாடியின் நடுக்கம் கம்பத்தில் இறங்கி, சுவரில் ஏறி, மகளுடைய கட்டில் வரைக்கும் வந்தது. வீடு முழுக்க ஒரு உறுமல். சுவரில் கையை வைத்தால் கை கூசியது. மகளுக்கு நித்திரை போனது, தலையிடி வந்தது. இவர் றப்பர் வைத்துப் பார்த்தார், இறுக்கிப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் காலை, யாரிடமும் கேட்காமல் சுவரில் புதிதாக ஒரு ஓட்டை துளைத்தார். அவருடைய வயதில் முதல் தரம்.

மகள் வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "வாப்பா, கழட்டுங்க இத! இது என்ட ஊடு. என்ட ஊட்டுச் சுவரில என்னக் கேக்காம ஒண்டும் செய்யாதீங்க!"

அந்தச் சொல்லை நான் என் காலத்தில் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. சொல்ல வேண்டிய தேவையை அவர் வைக்கவே இல்லை. இப்போது மகளுடைய வாயிலிருந்து அது வந்தபோது, ஏதோ எனக்கே சொன்ன மாதிரி இருந்தது. என் முதுகுக்குப் பின்னாலிருந்த அறையும் அவளுடையதுதானே. அவர் ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தினார். காற்றாடியை இறக்கினார், கம்பத்தைக் கழற்றினார், துளைத்த ஓட்டையைச் சீமெந்து குழைத்து அடைத்தார். பகல் ளுஹர் தொழுதுவிட்டு ஒரு ஓட்டோ பிடித்து, கம்பத்தையும் காற்றாடியையும் ஏற்றிக்கொண்டு மருதமுனையில் இருக்கும் அவருடைய ராத்தா, கூடப்பிறந்த மூத்தவ வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊர்களில் மனம் நொந்த ஆண் போகிற இடம் அது ஒன்றுதான். பிறந்த வீடும் அப்போது ராத்தாவுடையதாகத்தான் இருக்கும்.

மகள் சாப்பிடாமல் கிடந்து அழுதாள். "அழுது என்ன செய்ய? கதைச்சாச்சு. எழும்பித் தின்னு, வயித்தில இருக்கிறது என்ன குத்தம் செஞ்சது?" என்று ஏசினேன். ஏசினேனே தவிர எனக்கும் சோறு இறங்கவில்லை. அவள் மேலும் கோபம், அவர் மேலும் கோபம். நாலு வார்த்தைக்குக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போவதா? போன இடத்திலிருந்து அவரே வரட்டும், நான் கூப்பிடப் போவதில்லை என்று இருந்தேன். பகலில் கரண்ட் போகும்போதெல்லாம் ஓலை விசிறியால் மகளுக்கு விசிறினேன். என் கை சோர்ந்தால் மருமகன் விசிறினார். அவள் முகமெல்லாம் வெந்து போயிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ராத்தா போன் எடுத்தா. "உன்ட மாப்பிள்ளயக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு அவன் பாரமில்ல. ஆனா ஊட்ட நான் என்ட மகளுக்கு எழுதி எத்தின வருசம்? கம்பத்த வெளியில எடுங்க எண்டு அவள் சொல்லுறாள். நான் எந்த வாயால வேணாம் எண்டு சொல்லுற?"

மருமகன் தானாகவே சேட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அங்கே போய் என்ன கதைத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. "நானும் அந்த ஊட்டுக்கு வந்தவன்தானே மாமா, எழும்புங்க, போவம்" என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

அவர்கள் வருவதற்குள் நான் கோழிக்கூட்டைப் பிரித்துப் போட்டுவிட்டேன். கம்பத்தோடு ஓட்டோவிலிருந்து இறங்கியவரை நேரே கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன்.

"இந்தத் துண்டு மகள்ட இல்ல, என்ட. இண்டையிலருந்து உங்கட."

"அப்ப கோழி?"

"கோழி எங்கயும் முட்டையிடும்."

அவர் பிரித்துக் கிடந்த பலகைகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு பழைய பழக்கத்தில், "இதில ஒரு குழி தோண்டட்டா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. "உங்கட மண்ணில குழி தோண்ட என்னிட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க?" என்று கத்திவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவர் மண்வெட்டியை எடுக்கவில்லை. முதலில் அந்தத் துண்டைச் சுற்றி ஒரு தரம் மெல்ல நடந்தார். ஒழுங்காகச் சுற்றி நடக்கிற அளவுக்கு அதில் இடமில்லை, கிணற்றுக்கட்டில் கையை ஊன்றித் திரும்ப வேண்டியிருந்தது.

உயரம் குறையாமல் இருக்கக் கம்பத்தோடு இன்னொரு குழாயைக் கூட்டி, அடியைக் கொங்கிரீட்டில் நட்டார்கள். காற்றுக்குச் சாயாமல் இருக்க மூன்று பக்கம் இழுப்புக் கம்பி கட்ட வேண்டும். ஒன்றைக் கிணற்றுத் தூணில் கட்டலாம். மற்றொன்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரி தன் தென்னையைக் கொடுத்தா. மூன்றாவது மகளுடைய வளவில்தான் விழுந்தது. இவரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, வளவின் மூலையில் காலால் மணலைக் கிளறிக் காட்டினாள். "இதில அடிங்க வாப்பா. ஆழமா அடிங்க." அவர் "ஓம் புள்ள" என்றார். அதுதான் அவர்கள் சமாதானம் ஆனது. இப்போது நடுக்கம் மண்ணோடு நின்றது, வீட்டுச் சுவர் உறுமவில்லை.

கச்சான் உச்சத்தில் இருந்தபோது பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த அன்று பகல் கரண்ட் இல்லை. வெளியே மணல் பறந்தது. உள்ளே ஃபேன் ஓடியது. தாயும் பிள்ளையும் அதற்குக் கீழே ஒரு கவலையும் இல்லாமல் நித்திரை கொண்டார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். இவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னை மெதுவாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். "இந்தத் துண்ட அந்தப் புள்ளட பேருக்கு எழுதுவமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு விசரா? இந்த வயசில ஒரு சாண் மண் கைக்கு வந்திருக்கு. நட்ட கொங்கிரீட் இன்னும் வடிவாக் காயல்ல. அதுக்குள்ள குடுக்கப் போறீங்களா?"

"பொம்புளப் புள்ளதானே. அவட வாப்பா இனி ஊடு கட்டணும், பாவம். நம்மட பங்குக்கு ஒரு மூலை இருக்கட்டும்."

"அப்ப கம்பம்?"

"கம்பம் நிக்கிற இடத்தில நிக்கட்டும்." அண்ணாந்து காற்றாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் உன்ட மண்ணில இவ்வளவு காலம் நிக்கல்லயா? நல்லாத்தானே நிண்டன்?"

மூக்கைச் சிந்திவிட்டு, ஓம் என்றேன்.