அக்னி வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

அக்னி நட்சத்திரத்தில் சேரப்பணஞ்சேரித் தெருக்களில் ஸ்வெட்டர் போட்டுத் திரிந்த ஒரே பிறவி நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது. அறிவு மட்டும் இன்றைக்கு இருக்கும் அதே அளவுதான்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, பிரசவத்துக்காக முன்கூட்டியே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அதிகம் நடக்கக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால், கட்டிலில் சாய்ந்தபடி உல்லன் நூலில் பின்னிக்கொண்டிருப்பாள். கிளிப்பச்சை, மஞ்சள், ரோஸ். அவள் நூலை உருண்டையாகச் சுற்ற, என் இரண்டு கைகளும் தூண்களாக நிற்கும். அந்த நிறங்கள் விரல்மேல் ஓடும்போது, பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வராத கவனம் எனக்கு வந்துவிடும்.

முதல் ஸ்வெட்டர் எனக்கு. "தெனம் போட்டுக்கினு வெளையாடணும், இன்னா?" என்றாள்.

போட்டேன். கழுத்தெல்லாம் வேர்க்குரு. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் அண்ணன்கள், "இன்னாடா, ஊட்டிக்குப் போறியா?" என்பார்கள். "ஊட்டிதான் என்னைப் பாக்க வருது" என்று நானும் விடமாட்டேன்.

ஒரு மாதம் போனது. அதைக் கழற்றித் துவைத்துக் காயவைத்த சித்தி, ஓரத்து முடிச்சை அவிழ்த்துச் சரசரவென்று உருவ ஆரம்பித்தாள்.

"ஐயோ, என் சட்டை!"

"பழசாயிடுச்சு கண்ணு. பாப்பாவுக்குச் சின்னதா ஒண்ணு பின்னணும்."

"பாப்பாவுக்குப் புதுசு வாங்கு! கடையில இல்லியா?"

அவள் உருவிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் பச்சை உருண்டையை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். சின்னச் சட்டை ஒற்றைக் கையோடு நின்றது. "அதே பச்சை படப்பைல கெடைக்கும்டி, வாங்கியாறேன்" என்றாள் அம்மா. "புதுசு வேணாங்க்கா" என்று சித்தி அழ ஆரம்பித்தாள். நூலுக்காக ஒரு பெரிய மனுஷி அழுவாளா? பயந்துபோய் டிரம்முக்குள் கையை விட்டு உருண்டையை எடுத்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். சித்தியோ அரிசியைத் தட்டிவிட்டு, "வா, மிச்சத்த நீயே பின்னு" என்று ஊசிகளைக் கொடுத்தாள்.

நான் பின்னிய நாலு வரிசையும் கோணல். அவள் பிரிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, ஊசி கைவிடவில்லை. இன்றைக்கும் ஒரகடம் கம்பெனியில் டீ பிரேக்கில் பின்னுகிறேன். "இந்த வெயில்ல யாருக்குய்யா?" என்பார் சூப்பர்வைசர். "கலருக்கு சார்" என்பேன்.

பிறந்த குழந்தைக்கு முதலில் பழையதைத்தான் போடவேண்டும், அதுவும் நன்றாக ஓடியாடுகிற பிள்ளை போட்டதாக இருந்தால் நல்லது என்பார்கள் எங்கள் வீட்டில். ஆசைப்பட்டு முன்னமே புதுத்துணி வாங்கிவைத்த இரண்டு முறையும் சித்திக்குக் குழந்தை தங்கவில்லை. மீசை முளைத்த பிறகு அம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சித்தி, கை நீட்டிய சித்தப்பாவைத் தாண்டி வந்து, பாப்பாவை என் மடியில் கிடத்தினாள். ஸ்வெட்டரைப் பிரித்ததற்கு இதுதான் நஷ்டஈடு போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் கோணல் சட்டைக்குள் சிவப்பாக, சுருங்கி, கத்திக்கொண்டிருந்தது.

"இது வேணாம் சித்தி, என் சட்டையைக் குடு" என்றேன்.