விளைவு

இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் நின்றதில் கம்பெனி லைனிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் நீட்டிய தாளில், ‘இனி வரும் விளைவுகளுக்கு நானே பொறுப்பு’ என்றிருந்தது.

ஆறாம் வகுப்பில் ‘விளைவு’ என்ற சொல்லுக்கு வாக்கியம் கேட்டார்கள். ‘இந்த வருடம் விளைவு அமோகம்’ என்று எழுதினேன். “விளைவுன்னா தப்பு செஞ்சா வர்றது” என்று டீச்சர் சிவப்பில் அடித்தார். மறுநாள் அம்மா மணிமங்கலம் களத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள். தலையெல்லாம் பதர், உடம்பெல்லாம் புது வைக்கோல் வாசம்.

“வெளைஞ்சு வர்றது எல்லாம் விளைவுதானே டீச்சர்? நல்லது வெளைஞ்சா அதுக்கு இன்னா பேரு?”

டீச்சர் யோசித்து, மதிப்பெண் போட்டார். அதுவரை அம்மா சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“இன்னாம்மா, கையெழுத்து போடு” என்று சூப்பர்வைசர் பேனாவை நீட்டினார்.

“ரெண்டு ஷிப்ட் நிக்கச் சொன்னது நீங்க சார். அதோட விளைவுதான் இந்தத் தூக்கம். அதையும் எழுதுங்க, போடறேன்.”

அவர் தாளை மடித்துக்கொண்டார். “போய் மூஞ்சி கழுவிகினு வா” என்றார்.