கன்னத்து டாக்டர் போய்விட்டார்

கன்னத்து டாக்டர் இறந்துவிட்டார். அவருடைய பேரன் போட்ட போஸ்டை இன்று காலைதான் பார்த்தேன்.

கீழே வரிசையாகக் கமெண்டுகள். கைராசிக்காரர், தங்கமான மனிதர்... எனக்கும் அவரைத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சாரல் சீசனுக்கு மெட்ராஸிலிருந்து வந்து, குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து உட்காருவார். குழி விழுந்த கன்னம், அம்மைத் தழும்பு எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. சிலிக்கோன். வெளிநாட்டு மருந்து என்பார்.

எனக்குக் கடைவாய்ப் பற்களை எடுத்ததில் இடது கன்னம் உள்வாங்கியிருந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பொறுக்கவில்லை. சேலை மடிப்பு ஒரு விரல் பிசகினாலே அவிழ்த்துக் கட்டுகிறவள் நான்.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். கான்வென்ட்டில் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள்.

"வலிக்குமா டாக்டர்?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

"எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"ஆயுசுக்கும்."

"பிடிக்கலைன்னா எடுத்துரலாமா?"

"தாராளமா, மேடம்."

"அருவியில குளிக்கலாமா?"

"தாராளமா! குத்தாலம் வந்துட்டு யாராவது குளிக்காம போவாங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டும். ஊசி வலிக்கவில்லை. மென்மையான கை. பெண்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். அவரைப் பற்றி என்னிடம் உள்ள நல்ல வார்த்தைகள் இவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துக் குடும்பத்தோடு அருவிக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்தால் முகத்தையும் விட்டுவைப்பதில்லை. என் நாத்தனார் கன்னத்தை மாவு பிசைவதுபோல் பிசைந்தாள். பிறகு மெயின் அருவி... தண்ணீர் அடிக்கிற இடத்தில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஈரத்தலையைத் துவட்டும்போது நாத்தனார்தான் முதலில் பார்த்தாள்.

"மதினி, என்ன இது! கன்னம் தாடைக்கு எறங்கிட்டு!"

சிரித்தாள். கண்ணாடியைக் கையில் வாங்கியபோது நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சில மாதங்களில் அது அங்கேயே கல்லாக இறுகிவிட்டது. மதுரையில் ஒரு சர்ஜன் தொட்டுப் பார்த்தார். மருந்து சதையோடு கலந்துவிட்டது, வெட்டி எடுக்கப் போனால் வாய் கோணிவிடும் என்றார்.

அடுத்த சீசனில் அதே லாட்ஜுக்குப் போனேன். டாக்டர் பார்த்தார். "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். என்னை!

வெளியே வந்து, காத்திருக்கிறவர்களுக்கான பெஞ்சில் முதல் இடத்தில் உட்கார்ந்தேன். இடது கன்னம் வாசலைப் பார்க்கும்படி.

ராயகிரியிலிருந்து ஒரு அம்மாள், அம்மைத் தழும்பு உள்ள மகளோடு வந்தாள்.

"அக்கா, நீங்களும் ஊசிக்கா வந்தீக?"

"போட்டாச்சு."

"எங்கன?"

"இங்கன." திரும்பிக் காட்டினேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "எடுத்துரலாம்னு சொன்னாவளே..."

"எனக்கும் சொன்னாரு."

பையைத் தூக்கிக்கொண்டாள். "ஏட்டி, எந்திரி. உன் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? வா போவோம்."

அந்தப் பெண் வாசல் தாண்டும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் டாக்டரே வெளியே வந்தார்.

"மேடம், நீங்க வீட்டுக்குப் போகக் கூடாதா?"

"எடுத்துரலாம்னு சொன்னீங்கள்லா? எடுத்து விடுங்க. இப்பமே போயிருதேன்."

உள்ளே போனார். சீசன் முடியும் முன்பே அறையைக் காலி செய்துவிட்டார்.

மெட்ராஸில் பெரிய டாக்டராக இருந்தார் என்று பேரன் எழுதியிருக்கிறார். இருக்கட்டும்.

என் புரொஃபைல் படம் ஏன் எப்போதும் வலப்பக்கம் மட்டும் என்று கேட்ட தோழிகளுக்கு இதுதான் பதில். டாக்டர் என்னிடம் சொன்னதில் இன்றுவரை பலிப்பது ஒன்று. ஆயுசுக்கும் நிற்கிறது.

எங்கள் வீட்டில் யாரையும் "போங்கள்" என்று அனுப்புவதில்லை. "போய் வாருங்கள்" என்றுதான் சொல்வோம்.

உங்களுக்கு மட்டும்... தாராளமாகப் போங்கள், டாக்டர்.