பஸ்ஸில் ஏறாத தொட்டி

எந்தச் சாமான் வாங்கினாலும் அம்மா முதலில் ஒன்றைத்தான் பார்ப்பாள். பஸ்ஸில் ஏற்ற முடியுமா?

நாங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். வித்துரா தாண்டி மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அதை மூடிவிட்டார்கள். எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைப் பூட்டிச் சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். எஸ்டேட் திறந்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் திருவனந்தபுரம் வந்தோம். கரமனைப் பக்கம் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. அப்பா ஒரு ஃப்ளாட்டில் வாட்ச்மேன். அம்மா அங்கேயே நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.

மேலேயிருந்து வந்த ஜனம் எல்லாமே அப்படித்தான். கீழே வந்து வருஷக்கணக்கில் இருந்தாலும் பீரோ வாங்க மாட்டார்கள். திரும்பிப் போகும்போது யார் தூக்குவது? எங்கள் அறையில் நாற்காலிகூடக் கிடையாது. வாடகை வாங்க வரும் சேச்சி நின்றுகொண்டே பேசுவாள். "இது வீடோ, பஸ் ஸ்டாண்டோ? எப்பவும் புறப்பட நிக்கிற மாதிரியல்லோ இருக்கு."

மீன் மட்டும் எப்படியோ வந்துவிட்டது. ஃப்ளாட்டில் ஒரு பையனுக்குச் சலித்துப்போன சின்னக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கிடந்த கோல்டு ஃபிஷ்களோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். அம்மா தொட்டியை மடியில் வைத்துப் பார்த்தாள். அடங்கியது. சரி என்றாள்.

மீன் வளர்ந்தது. தொட்டி வளரவில்லை. திரும்ப இடமில்லாமல் வால் கண்ணாடியில் உரசும். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒருநாள் ஒன்று மல்லாந்து கிடந்தது. அடுத்தது எது என்று நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஃப்ளாட்டில் மூன்றாம் மாடி சார் வேலை மாறி ஊரை விட்டுப் புறப்படவிருந்தார். அவர் வீட்டில் நாலடித் தொட்டி இருந்தது. ஸ்டாண்டு, மோட்டார் எல்லாம் உண்டு. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சீ, புதுசு வாங்கணும்னா இதுக்கு எத்தர ஆவும் தெரியுமோ? நீங்க ஆயிரம் தந்தா மதி, போதும். மோள் ஆசப்படுதல்லோ" என்றார் சார்.

அப்பா தொட்டியைச் சுற்றி வந்தார். மூலைகளை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு மூலையில் பசை பெயர்ந்திருந்தது.

"இது ஒழுகுமே சார்."

சார் இருநூறு குறைத்தார். ரெண்டு சம்பளத்தில் அனுப்பிவைத்தால் போதும் என்றும் சொன்னார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"காசு கெடக்கட்டும். நாலு ஆள் தூக்குற சாமான். மேல எப்படிக் கொண்டு போவீங்க?"

"ஜீப் புடிக்கலாம்."

"அந்த ரோட்டுலயா? இங்க கண்ணாடி ஏறும், அங்க மணலு எறங்கும்."

அப்பா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. "மீனு செத்துரும்மா" என்றேன்.

"சாவாது. மேல போனதும் ஆத்துல விட்டுருவோம். ஏட்டி, சும்மா கெட."

ஞாயிற்றுக்கிழமை மேலே கூட்டம், எஸ்டேட் விஷயம் ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா அம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டார்.

"எப்பத் தொறப்பாங்கன்னு கேட்டுட்டு வாரேன். அதுக்கப்புறம் தொட்டிய முடிவு பண்ணலாம்."

சாயங்காலம் வந்தார். கையில் பூட்டு இருந்தது. சாவி அதிலேயே செருகியிருந்தது. ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"பூட்ட ஏன் கழத்துனீங்க?" என்றாள் அம்மா.

"கூர உள்ள விழுந்து கெடக்கு. பூட்டி என்னத்துக்கு?"

பூட்டைச் சுவரோரம் வைத்தார். பிறகு அப்பா சொன்னார்: "நாளைக்கு சார்கிட்டச் சொல்லிருதேன். தொட்டிய எடுத்துக்கலாம்."

நான் குதித்தேன். கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

தொட்டியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அப்பா மூலைக்குப் புதுப் பசை போட்டார். காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். மீன்கள் முதலில் ஒரு மூலையில், பழைய தொட்டி அளவுக்கே சுற்றிக்கொண்டிருந்தன. பிறகுதான் அந்தக் கோடிவரை போயின. அதைப் பார்த்துக்கொண்டே அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பணம் போன வருத்தம் என்று நினைத்தேன்.

"மீனெல்லாம் பொழச்சிருச்சும்மா" என்று தேற்றினேன்.

"ஆமா" என்றாள்.

மறுமாசம் ஒரு கட்டில் வந்தது. அதுவும் பழசுதான், இரும்புக் கட்டில். அம்மாவே பேசி வாங்கினாள். தொட்டிக்கு எதிரே போட்டாள். நான் அதில் படுத்து மீன் பார்த்தபடியே தூங்கிப்போவேன். அப்பாவுக்கு நைட் டூட்டி. பாதிக் கட்டில் காலியாகவே கிடக்கும். அம்மா ஒருநாள்கூட அதில் ஏறிப் படுக்கவில்லை. பாயை உதறிக் கதவுப் பக்கம் தரையில் விரித்துக்கொள்வாள்.

எனக்கு இடம் விட்டுத்தருகிறாள் என்று நினைத்தேன். கையையும் காலையும் நன்றாக நீட்டிப் படுத்துக்கொண்டேன்.