நான் விட்டுவிட்ட மயில்மீன்

கடலூர் துறைமுகத்திலிருந்து வேலு என்பவரின் ஃபைபர் படகில் மீன்பிடிக்க வந்திருக்கிறேன். கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில் என் தூண்டிலை ஒரு மயில்மீன் கவ்வுகிறது. என் உயரத்துக்குக் குறையாத மீன். முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே துள்ளுகிறது. வெயில் உச்சிக்கு ஏறும்வரை அதோடு மல்லுக்கட்டுகிறேன். தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது.

"கொஞ்சம் லூசு வுடுங்க சார், இழுக்காதீங்க!" என்று வேலு கத்துகிறார்.

ஆத்திரத்தில் இன்னும் இழுக்கிறேன். தூண்டில் நரம்பு அறுந்துபோகிறது. எனக்கு அழுகையே வந்துவிடுகிறது.

கரைக்குத் திரும்புகிறோம். அங்கே வலை உதறிக்கொண்டிருக்கும் வேலுவின் மனைவி செல்வி, "என்னா கெடச்சுது?" என்கிறார்.

வேலு என் முகத்தைப் பார்க்கிறார். "இம்மாம் பெரிய மயில்மீனு! சார்தான் பாவம்னு வுட்டுட்டாரு."

"அவுரு வுட்டா, நீ என்னா பண்ணிக்கினு இருந்த?"

செல்வி அவரைப் பிடிபிடியென்று பிடிக்கிறார். வேலு குனிந்து படகுக் கயிற்றைச் சுருட்டுகிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லம்மா, நான்தான் இழுத்து நரம்பை அறுத்துட்டேன்" என்கிறேன்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்கிறார் செல்வி. "இந்த ஆளுக்காவ நீங்க ஏன் பொய் சொல்றீங்க?"