நான்கு கிளினிக்கிலும் சொன்ன பொய்

பாசிர் கூடாங் துறைமுக நகரில் தொழிற்சாலை வேலை எனக்கு. கூட வேலை செய்த அக்கா ஒருவர் மாரடைப்பில் இறந்ததிலிருந்து எனக்கும் நெஞ்சு படபடத்தது, கை மரத்தது. தொழிற்சாலை பஸ்ஸில் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே போவேன்.

கிளினிக்கில் இசிஜி எடுத்தார்கள். நார்மல். இரண்டு நாள் நிம்மதி, பிறகு மறுபடி படபடப்பு. அங்கேயே போனால் எம்.சி. என்ற மருத்துவ லீவுக்கு நடிக்கிறேன் என்று நினைப்பார்களோ என்று வேறு கிளினிக்குப் போனேன். இப்படியே முதலாவதைத் தவிர நான்கு. அந்த நான்கிலும், "இதான் முதல் தடவை டாக்டர்" என்றேன்.

போக வேறு இடமில்லாமல் முதல் கிளினிக்குக்கே திரும்பினேன். ஐசி அடையாள அட்டையை எடுக்கப் பையைத் திறந்தபோது பழைய இசிஜி தாள்களெல்லாம் கவுண்டரில் விழுந்தன. நர்ஸ் மிஸ்ஸி பொறுக்கி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அவர் புதிதாக இன்னொரு இசிஜியும் எடுத்துப் பார்த்தார். "நெஞ்சு நல்லா இருக்கும்மா. பயம்தான் உங்க நோவு. அதுக்கும் மருந்து இருக்கு. முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"



இப்போது ஒரே டாக்டர். படபடப்பு வந்தாலும் வராவிட்டாலும் மாதம் ஒருமுறை போகிறேன், மறைக்காமல் சொல்கிறேன். பயம் முழுசாகப் போய்விடவில்லை. பஸ்ஸில் கை இன்னும் மணிக்கட்டைத் தேடும். முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.