மனைவியின் செருப்பில் வீடு வந்தேன்

‘மார்கழி 3. பனி பூட்ஸ் சோதனை. போக வர நான்கு கிலோமீட்டர்.’ என் டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது.

இமயமலைப் பயணத்துக்காக வாங்கிய, அடியில் இரும்பு ஆணி பதித்த பூட்ஸ் அது. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் மனைவி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு, பூட்ஸை மாட்டியபடியே ஆலைக்கு நடந்தேன். ஆலை வாசலின் கருங்கல்லை மிதித்தபோது காலடியில் ஏதோ மின்னியது. எதிரே வந்த மனைவி அலறினாள்.

“அங்கனயே நில்லுங்க! இரும்பு ஒரசினா பொறி பறக்கும்னு தெரியாதா? நீங்க மலையேறுறதுக்கு முன்னால எங்க அம்புட்டுப் பேரையும் மேல அனுப்பவா வந்தீக?”

அவளே குனிந்து நாடாவை அவிழ்த்தாள். பிறகு, வாசலில் கழற்றி வைத்திருந்த தன் செருப்பை என் பக்கம் தள்ளினாள்.

“இதப் போட்டுட்டுப் போங்க. பாதையெல்லாம் கருவேல முள்ளு. எனக்கு வேன் இருக்கு.”

இப்போதெல்லாம் பூட்ஸைப் பையில் சுமந்துபோய், ஆனைக்குட்டம் அணைக்கரையில்தான் போட்டுப் பார்க்கிறேன். அன்று மின்னியது பொறியா, ஆணியில் பட்ட வெயிலா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.